ஐட்லிங் ஏன் எகிறுகிறது?

ஃபோக்ஸ்வேகன் டைப் 2 கேம்பர் வேனின் எஞ்சின் வண்டியின் பின்பக்கம் இருக்கிறது. 1970-களின் தொடக்கத்தில் வந்த பல வண்டிகளில் அது நான்கு சிலிண்டர், 1,584 சிசி. ரேடியேட்டர் கிடையாது, காற்றால்தான் குளிர்கிறது. அந்த எஞ்சினில் சோலெக்ஸ் 34 பிக்ட்-3 கார்புரேட்டர் பொருத்தப்பட்டிருந்தது. நன்றாகச் சூடேறிய பிறகு இந்த எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 850 சுற்று சுற்ற வேண்டும். 1,500-க்குப் போய் அங்கேயே நின்றால் கோளாறு. கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகி இறக்கிவிடலாம் என்றுதான் கை பரபரக்கும். காரணம் தெரியாமல் திருகுவது கோளாறை மறைக்கும், போக்காது. எஞ்சின் வேகமாகச் சுற்றுகிறது என்றால், ஒன்று கூடுதல் காற்று உள்ளே போகிறது, அல்லது தீப்பொறி முந்தி விழுகிறது.

முதலில் கேபிள். ஆக்சிலரேட்டர் பெடலிலிருந்து எஞ்சின் வரை வண்டியின் நீளத்துக்கு ஓடும் கம்பி அது. கார்புரேட்டர் முனையில் அதைக் கழற்றியதும் வேகம் இறங்கினால், சிக்கல் கேபிளில்தான்.

அடுத்தது ஆட்டோ சோக். குளிர்ந்த எஞ்சின் சற்று வேகமாகச் சுற்றுவது இயல்பு. 12 வோல்ட் மின்சாரத்தில் சூடாகும் ஈருலோகச் சுருள் விரிந்து, சில நிமிடங்களில் சோக்கைத் திறந்துவிடும். ஆக்சிலரேட்டரை ஒருமுறை தட்டிவிட்டால், த்ராட்டில் ஸ்க்ரூ படிப்படியான கேமின் கடைசிப் படிக்கு இறங்கும். சோக் திறக்கவே இல்லையென்றால், அதன் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்புரேட்டரில் உள்ள ஐட்லிங் சொலினாய்டின் ஒயரைப் பிடுங்கினால் எஞ்சின் அணைய வேண்டும். அணையாமல் ஓடினால், த்ராட்டில் தட்டு அளவுக்கு மேல் திறந்து, வேறு துளைகள் வழியே பெட்ரோல் வருகிறது என்று பொருள். பெரும்பாலும் முன்பு யாரோ த்ராட்டில் ஸ்க்ரூவை வைத்து ஐட்லிங் ஏற்றியிருப்பார்கள். அந்த ஸ்க்ரூ கேமின் கடைசிப் படியைத் தொட்டதற்கு மேல் கால் சுற்று போதும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், சந்தேகம் காற்றுக் கசிவின் மேல். மேனிஃபோல்டின் நடுக்குழாயை இருபக்க முனைகளோடு இணைக்கும் ரப்பர் உறைகள் வெப்பத்தில் வெடித்துப்போகும். கார்புரேட்டரின் அடி கேஸ்கெட், பிரேக் சர்வோ குழாய் ஆகியவையும் கசியும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். கசிவுள்ள இடத்தில் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் அடிப்பவர்களும் உண்டு. ஆனால் சூடான எஞ்சின் மேல் அந்தத் தீப்பற்றும் திரவத்தைத் தெளிப்பது விபத்தை அழைப்பது. த்ராட்டில் தண்டு ஓடும் துளை தேய்ந்திருந்தால் எந்த கேஸ்கெட்டும் பயன்படாது. தண்டை விரலால் ஆட்டினாலே ஆட்டம் தெரியும். துளையைக் கடைந்து புஷ் போட வேண்டியதுதான்.

மீதமிருப்பது டிஸ்ட்ரிபியூட்டர். இரட்டை வெற்றிடக் குழாயுள்ள வகையில் தீப்பொறியைப் பின்தள்ளும் குழாய் கழன்றால், தீப்பொறி முந்தி விழுந்து ஐட்லிங் ஏறும். ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்ட பிறகு வேகம் இறங்கத் தயங்கினால், உள்ளே மையவிலக்கு எடைகள் துருவில் ஒட்டியிருக்கலாம்.

காரணம் நீங்கிய பிறகே ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். அதுவும் காற்றுக்கான பெரிய பைபாஸ் ஸ்க்ரூவில். கசிவுள்ள எஞ்சினில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைவதால் சிலிண்டர் ஹெட் கொதிக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். அந்த நிலையில் வண்டியை நெடும்பயணத்துக்கு எடுக்கக் கூடாது.