தஞ்சையின் அரசுரிமை இழப்பும் மக்கள் எழுச்சியும்: கொரிய வரலாற்றோடு ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச் சுருக்கம்

அயலாட்சி எப்போதும் போர்க்களத்தின் வழியாகவே வருவதில்லை. கடனும் ஒப்பந்தமும் வாரிசுச் சிக்கலும் அதற்கு வழியமைப்பதுண்டு. தஞ்சை மராட்டிய அரசு 1749 முதல் 1855 வரை தன் அரசுரிமையைப் படிப்படியாக இழந்த முறையையும், அவ்விழப்பை எதிர்த்து அரண்மனை நாடிய சட்டவழி அடைபட்ட பின்னர் 1930இல் காவிரிப் படுகையின் மக்கள் வேறொரு வழியை மேற்கொண்டதையும் இக்கட்டுரை விளக்குகின்றது. 1876 முதல் 1919 வரையிலான கொரிய வரலாறு ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

திறவுச்சொற்கள்: தஞ்சை மராட்டியர், துணைப்படை, அரசுச் செயல், வேதாரணியம் உப்பு அறப்போர், கொரியா, மார்ச்சு முதல் நாள் இயக்கம்.

முன்னுரை

தஞ்சையும் கொரியாவும் ஒன்றையொன்று அறியாத நிலப்பகுதிகள். எனினும் இரண்டும் நெல் விளையும் நாடுகள். இரண்டிலும் அயலார் முதலில் துறைமுகங்களில் கால்வைத்தனர். இரண்டிலும் அரசரின் முத்திரை பதிந்த தாள்களைக் கொண்டே ஆட்சி கைமாறியது. இவ்வொற்றுமைகள் தற்செயலானவையா, அல்லது அயலாட்சி பரவும் முறைக்கே உரியவையா என்னும் வினா ஆராய்தற்குரியது.

துறைமுகங்களில் தொடக்கம்

1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியில் டேனியருக்கு வணிக உரிமை வழங்கினார். நாகப்பட்டினம் 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியது. பிரெஞ்சுக்காரர் 1739இல் காரைக்காலைப் பெற்றனர். இடையே நாயக்கர் ஆட்சி முடிவுற்று, ஏகோஜியின் வழியினரான மராட்டியர் தஞ்சையை ஆண்டுவந்தனர். அரண்மனையைப் பொறுத்தவரை இவ்வயலார் கடற்கரையில் தங்கியிருந்த வணிகர்களே. அவர்கள் வருவாய் தரும் வரையில் அவர்களால் இடர் வரும் என்று எவரும் கருதவில்லை.

1749இல் நிலைமை மாறியது. அரியணை இழந்த சாகுஜிக்கு உதவுவதாகக் கூறிப் புறப்பட்ட ஆங்கிலக் கம்பெனிப் படை, கொள்ளிடக் கழிமுகத்தில் உள்ள தேவிக்கோட்டையைக் கைப்பற்றியது. பின்னர்ச் சாகுஜியைக் கைவிட்டு, ஆட்சியிலிருந்த பிரதாபசிங்குடனேயே உடன்பாடு செய்துகொண்டு கோட்டையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. அரியணைப் பூசலில் தலையிட்டுத் தனக்கு வேண்டியதைப் பெறும் முறை இங்கேயே தொடங்கிவிட்டது.

கொரியாவில் இதனையொத்த தொடக்கம் 1876ஆம் ஆண்டின் கங்ஹ்வா ஒப்பந்தமாகும். சப்பானியப் போர்க்கப்பல்களின் அச்சுறுத்தலின் கீழ்ச் செய்துகொள்ளப்பட்ட அவ்வொப்பந்தத்தின்படி பூசான் முதலிய துறைமுகங்கள் சப்பானிய வணிகத்திற்குத் திறந்துவிடப்பட்டன. கொரியா தன்னுரிமை பெற்ற நாடு என்று அவ்வொப்பந்தமே அறிவித்தது. சீனாவின் மேலாண்மையிலிருந்து கொரியாவைப் பிரிப்பதே அத்தொடரின் உண்மைப் பயனாக அமைந்தது.

பாதுகாப்பின் விலை

தஞ்சையின் அடுத்த இழப்புக் கடனால் நேர்ந்தது. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி தஞ்சையிடம் திறை கோரினார். 1762இல் கம்பெனி முன்னின்று செய்த உடன்பாட்டின்படி, நிலுவைத் தொகையோடு ஆண்டுதோறும் 4 இலட்சம் ரூபாய் செலுத்தத் தஞ்சை இசைந்தது. திறை நிலுவையே படையெடுப்பிற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. 1773இல் நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்தது. மன்னர் துளஜா சிறைப்பட்டார். 1776இல் கம்பெனியே அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தியது. ஆனால் கோட்டையில் கம்பெனியின் படை தங்கவும், அதன் செலவை மன்னர் ஏற்கவும் வேண்டியதாயிற்று. நாட்டைப் பிடித்த படையே இப்போது நாட்டைக் காக்கும் படை எனப் பெயர்பெற்றது.

1781இல் ஐதர் அலியின் படையெடுப்பால் வயல்கள் பாழாயின. ஆயினும் பணக்கோரிக்கை நிற்கவில்லை. 1787இல் துளஜா மறைந்தபின், அவருடைய தம்பி அமர்சிங்கிற்கும் தத்துப் பிள்ளை சரபோஜிக்கும் இடையிலான உரிமை வழக்கில் தீர்ப்பளிக்கும் இடத்தில் கம்பெனி அமர்ந்தது. 1798இல் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜி, 1799 அக்டோபர் 25இல் ஆட்சிப் பொறுப்பைக் கம்பெனியிடம் ஒப்புவிக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். அவருக்குத் தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு 1 இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த அறிஞராக இன்று போற்றப்பெறும் அம்மன்னர், நாடாளும் கடமையற்ற மன்னராகவே அப்பணியைச் செய்தார் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

கொரியாவில் 1905 நவம்பர் 17இல் திணிக்கப்பட்ட ஒப்பந்தம் அயலுறவு உரிமையைச் சப்பானிடம் சேர்த்தது. அங்கும் சொல்லப்பட்ட காரணம் பாதுகாப்பே. தஞ்சையில் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்ட மாற்றம் கொரியாவில் ஐந்தே ஆண்டுகளில் நிறைவேறி, 1910 ஆகத்து 29இல் நாடு சப்பானுடன் இணைக்கப்பட்டது.

அடைபட்ட சட்டவழி

1855இல் சரபோஜியின் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். அரச மரபு அற்றுப்போனதாக அறிவித்த கம்பெனி, மறு ஆண்டில் அரண்மனையையும் மன்னரின் தனிச் சொத்துகளையும் கைக்கொண்டது. மூத்த அரசி காமாட்சிபாய் சென்னை உயர்நிலை மன்றத்தில் வழக்குத் தொடுத்தார்; தீர்ப்பும் அவருக்குச் சார்பாக வந்தது. ஆனால் 1859இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தீர்ப்பை மாற்றியது. சொத்தைக் கைக்கொண்டது முறையா என்னும் வினாவுக்குள் அம்மன்றம் செல்லவில்லை. அது ஓர் அரசுச் செயல், ஆதலின் நீதிமன்றம் அதனை ஆராய இயலாது என்றது. 1862இல் தனிச் சொத்துகள் அரசியருக்குத் திருப்பியளிக்கப்பட்டன. அது உரிமையின்பாற்பட்டதாகக் கொள்ளப்படவில்லை. அரசின் கருணையாகவே கொள்ளப்பட்டது.

1907இல் கொரிய மன்னர் கோஜோங், 1905 ஒப்பந்தம் செல்லாது என்று உலக நாடுகளிடம் முறையிட மூன்று தூதர்களை ஹேக் நகர் அமைதி மாநாட்டிற்கு மறைவாக அனுப்பினார். அயலுறவு உரிமை கொரியாவிடம் இல்லை என்று கூறி மாநாடு அவர்களை ஏற்க மறுத்தது. எந்த ஒப்பந்தத்தை எதிர்த்து முறையிட வந்தனரோ, அதுவே அவர்களின் வாயை அடைத்தது. கோஜோங்கும் அரியணை துறக்க நேர்ந்தது.

இரு நிகழ்வுகளும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. பறித்தவனுடைய சட்டத்தின் முன் பறிகொடுத்தவர் எழுப்பும் வழக்கு, பறிப்பின் வாயிலோடு நின்றுவிடுகிறது. அரண்மனையின் வழி இத்துடன் முடிந்தது.

மக்கள் மேற்கொண்ட வழி

1919 மார்ச்சு முதல் நாள், 33 பேர் கையொப்பமிட்ட விடுதலை அறிக்கை சியோல் நகரின் தப்கோல் பூங்காவில் படிக்கப்பட்டது. கோஜோங்கின் இறுதிச் சடங்கிற்காகத் தலைநகரில் மக்கள் திரண்டிருந்த நேரம் அது. எழுச்சி சிற்றூர்ச் சந்தைகளின் வழியே நாடெங்கும் பரவியது, கடுமையாக ஒடுக்கவும்பட்டது.

தஞ்சை மாவட்டத்தில் இதற்கு இணையான தருணம் 1930இல் வாய்த்தது. ஏப்ரல் 13இல் இராஜாஜியின் தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டு, ஆற்றங்கரை ஊர்களின் வழியே சுமார் 150 மைல் நடந்து ஏப்ரல் 28இல் வேதாரணியத்தை அடைந்தனர். 30இல் தடையை மீறி உப்பு அள்ளிய இராஜாஜி கைதானார்.

உப்பினும் முதன்மையாகக் கருதத்தக்கது சோறு. மாவட்ட ஆட்சியர் தார்ன், தொண்டர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனைக்கு உள்ளாவர் என்று எச்சரித்தார். வழிப்போக்கருக்குச் சோறிடுதலை அறமெனக் கொண்ட நாட்டில், விருந்தோம்பல் குற்றமாக்கப்பட்டது. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தொண்டர்களைத் தம் இல்லத்தில் உண்பித்துச் சிறை சென்றார். பிற ஊர்களில் சோற்றுப் பொட்டலங்கள் மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிடப்பட்டன என்பர். யார் அளித்தார் என்பதைக் காவலர் அறிய இயலவில்லை. வேதாரணியத்தில் உப்பு வணிகர் வேதரத்தினம் பிள்ளை தம் சொத்தை இழந்தார். காவலருக்கு முகம் மழிக்க மறுத்துத் தண்டனை பெற்ற வைரப்பனுக்கு அவ்வூரில் நினைவுத்தூண் உள்ளது. இம்மாவட்டத்தில் அரசின்மீது பற்று என ஒன்று முன்பு இருந்திருப்பினும் இப்போது அது இல்லை என்னும் கருத்தில் தார்ன் தம் மேலிடத்திற்கு எழுதினார்.

1799 உடன்படிக்கையில் மக்களின் இசைவு கேட்கப்படவில்லை. 1930இல் அம்மக்களே தம் இசைவை மறுத்தனர். இரு நாடுகளிலும் எழுச்சி பழைய அரியணையை மீட்க முற்படவில்லை என்பதும் கருதத்தக்கது. 1919 ஏப்ரலில் சாங்காயில் அமைந்த கொரிய இடைக்கால அரசு தன்னைக் குடியரசு என்றே அறிவித்தது. தஞ்சையில் போன்சுலே மரபை மீட்குமாறு எவரும் கோரவில்லை.

ஒப்பீட்டின் எல்லை

ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே மரபின் ஆட்சியில் இருந்த கொரியாவில் மன்னரும் குடிகளும் ஒரே மொழியினர். தஞ்சையிலோ நாயக்கரின் மொழி தெலுங்கு; மராட்டியரின் மொழி மராத்தி. ஆகவே 1855இல் தஞ்சை உழவர் எதனை இழந்தார் என்று உறுதிபடக் கூறுதல் எளிதன்று. அரண்மனையின் இழப்பை மக்களின் இழப்பாக அப்படியே கொள்வது பிழையாகும்.

மேலும், 1930இல் தொண்டர்களுக்குச் சோறிட்டவர் பலர் நிலமுடைய மிராசுதாரர்கள். அச்சோற்றுக்குரிய நெல்லை விளைவித்த பண்ணையாள்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனைகளாக நீடித்தன. அவர்களின் எழுச்சி 1940களில் பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய விவசாயிகள் சங்கத்தின் வழி உருப்பெற்றது. தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல்தான் வந்தது. கொரியாவிலும் சப்பானிய ஆட்சி 1920 முதல் நெல் விளைச்சலைப் பெருக்கியபோது அரிசி சப்பானுக்குச் சென்றது. விளைவித்த குத்தகையாளர் மஞ்சூரியத் தினையை உண்டனர். 1945 விடுதலைக்குப் பின்னரே இரு கொரியாக்களிலும் நிலச்சீர்திருத்தம் நிகழ்ந்தது.

முடிவுரை

தஞ்சையிலும் கொரியாவிலும் அரசுரிமை ஒப்பந்தங்களால் கரைந்தது. அதனை மீட்க அரசகுடி நாடிய சட்டவழி பயன்தரவில்லை. தடையை அறிந்தே மீறிய மக்களின் செயலால்தான் அயலாட்சியின் தகுதி கேள்விக்குள்ளாயிற்று. ஆயினும் அயலாட்சி நீங்குவதும் உழுபவர் விடுதலை பெறுவதும் ஒரே நாளில் நிகழ்ந்தவை அல்ல. தஞ்சையின் விடுதலை வரலாற்றை எழுதுவோர் 1799, 1930, 1952 ஆகிய மூன்று ஆண்டுகளையும் ஒருசேரக் கருதுதல் வேண்டும். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர் யார், தடையை மீறிச் சோறிட்டவர் யார், அச்சோற்றுக்கு நெல் விளைவித்தவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறும்போதே அவ்வரலாறு நிறைவுறும்.