கொல்லிமலை போரடிச்சிருச்சா? பச்சைமலைக்கு ஒரு ஸ்லோ டிரைவ்... ஆனா, இறங்கும்போதுதான் இருக்கு பரீட்சை!

சனிக்கிழமை ராத்திரி 10 மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ‘நாளைக்கு எங்கடா?’ என்று ஒரு மெசேஜ் விழும். திருச்சிக்காரர்களின் பதில் பெரும்பாலும் கொல்லிமலைதான். அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளை ரீல்ஸில் பார்த்தே மனப்பாடம் செய்துவிட்டோம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும். ஆனால் நம்ம மாவட்டத்துக்குள்ளேயே ஒரு மலை சத்தமில்லாமல் இருக்கிறது: பச்சைமலை.

திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை இது. உயரம் 500 முதல் 1,000 மீட்டர்தான். ஸ்வெட்டர் எல்லாம் தேவையில்லை.

ஸ்ரீரங்கத்தில் இருந்து கிளம்பினால் கொள்ளிடம் பாலம், நம்பர் 1 டோல்கேட், மண்ணச்சநல்லூர், துறையூர் வழியாக டாப் செங்காட்டுப்பட்டி வரை சுமார் 80 கி.மீ. அவசரம் இல்லை என்றால் வழியில் திருவெள்ளறையில் வண்டியை நிறுத்துங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான கோயில் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பல்லவர் தந்திவர்மன் காலத்து ஸ்வஸ்திக் கிணறு. நாலு பக்கமும் படிகள், நாலும் மடங்கி இறங்குகின்றன. ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. 1,200 வருஷத்துக்கு முன்னாடியே ப்ரைவசி!

துறையூரில் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். ஆஃப்லைன் மேப்பையும் அங்கேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். மலையில் சிக்னல் வரும், போகும்.

மேலே யார் இருக்கிறார்கள்?

இங்கே வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற அர்த்தத்தில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ்தான். வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு என்று மலையையே நாடுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ரோட்டோரம் மரவள்ளி, முந்திரி, பலா. மங்களம் அருவி மாதிரி இடங்களில் தண்ணீர் மழையைப் பொறுத்தது. கோடையில் போனால் பாறையைத்தான் பார்க்கணும். பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் அங்கே விட்டுட்டு வராதீங்க, ப்ளீஸ்.

தெரியாத கிளை ரோடு வந்தால் நான் கேட்கும் ஒரே கேள்வி, “அண்ணே, இதுல பஸ் போகுமா?” பஸ் போகும் ரோட்டில் கார் போகும். ‘இல்ல தம்பி, டூவீலர்தான்’ என்றால் மேப் என்ன சொன்னாலும் திரும்பிவிடுவேன்.

பிரேக் வாசனை

போன முறை நண்பனின் காரை நான் இறக்கினேன். தேர்டு கியர், கால் முழுக்க பிரேக்கிலேயே. பாதி மலையில் ஏதோ கருகும் வாசனை. பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த நண்பனின் அம்மா எழுந்து, “என்னப்பா தீயுது?” என்றார். பெடலை மிதித்தால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. எப்படியோ ஓரங்கட்டி நிறுத்தினேன். கை நடுங்கியது.

நடந்தது இதுதான். பிரேக் என்பது உராய்வு. வண்டியின் வேகத்தை அது சூடாக மாற்றுகிறது. விடாமல் மிதித்தால் அந்தச் சூடு ஆற நேரமே கிடைக்காது. பேட் பிடிப்பை இழக்கும். இன்னும் சூடேறினால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக்குமிழ் உருவாகும். திரவத்தை அழுத்தினால் விசை சக்கரத்துக்குப் போகும். ஆவியை அழுத்தினால் ஆவிதான் சுருங்கும், வண்டி நிற்காது.

தீர்வு பழைய டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு. செகண்டில் ஏறினால் செகண்டிலேயே. இன்ஜினே வண்டியைப் பிடித்து வைக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் ‘எல்’ அல்லது மேனுவல் மோடு. பிரேக்கை வளைவுக்கு முன்னால் அழுத்தி, விட்டுவிட வேண்டும். மைலேஜுக்காக நியூட்ரலில் இறக்குவது இருக்கே, அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். வாசனை வந்தால் அரை மணி நேரம் நிறுத்துங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகலாம், விரிசலும் விடலாம்.

இன்னொன்று, குறுகலான மலை ரோட்டில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளில் இருக்கிறது. இறங்குபவர் ஒதுங்கி நிற்க வேண்டும். ஹாரன் அடித்து லைட் போட்டு மிரட்டுவதற்கு அதில் இடமில்லை.

அன்றைக்கு நாங்கள் நின்ற நாற்பது நிமிஷத்தில் ஏறி வந்தது ஒரே ஒரு பஸ். அந்த டிரைவர் எங்கள் வண்டியையும் என் முகத்தையும் பார்த்தார். “செகண்ட்ல இறக்கு தம்பி” என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். மீதி தூரத்தை நண்பனின் அம்மா தூங்காமல் வந்தார்.