மாமியார் கையில் மணக்கும் மண்!

பட்டுச் சேலைக்கும் அரிசிக்கும் பேர் போன ஆரணியிலிருந்து எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் பட்டு நெசவு செய்கிறார். இரண்டு பிள்ளைகள். கூடவே மாமியார். நாற்பது வருஷம் தார் சுற்றிய கை அவருடையது. கண் பார்வை மங்கியதும் அந்த வேலை நின்றுபோனது. இழை அறுந்தாலும் அவருக்குத் தெரியவில்லை. "இனிமே நான் எதுக்கும்மா இருக்கேன்?" என்று திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்பார். எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கிறதா? அரசாங்கமே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. சேலை முடித்துக் கொடுத்தால்தான் எங்கள் வீட்டில் கூலிப் பணம் வரும். அந்த மாசம் புளியைக் கரைத்தே குழம்பை ஒப்பேற்றினேன். 'நாமே நாலு செடி வைத்தால் என்ன?' என்று தோன்றியது. கொல்லையில் வெயில் படும் இடத்தில் ஆறு பழைய சிமென்ட் சாக்குகளில் மண் நிரப்பி, பி.கே.எம்.1 நாற்று நட்டேன். இது நம் பெரியகுளத்தில் உருவான ரகம்.

செடி முழங்கால் உயரம் வந்தது. உரத்துக்குக் காசு செலவழிக்க மனசில்லை. காய்கறித் தோல், டீத்தூள், பழைய சோறு எல்லாவற்றையும் அப்படியே வேரடியில் கொட்டினேன். போதாக்குறைக்கு இன்னொரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். சாயம் ஏற்றும் முன்பு பட்டை சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துப் பசையை எடுப்பார்கள். 'புழுவிலிருந்து வந்த பசைதானே, நல்ல எருவாச்சே' என்று அந்தத் தண்ணீரை ஒரு குடம் கேட்டு வாங்கி வந்து ஊற்றினேன். நாலே நாளில் இலை ஓரமெல்லாம் கருகியது. சோறு புளித்து எறும்பும் ஈயும் மொய்த்தன. ஆறில் நாலு செடி போய்விட்டது. "தக்காளியை வாங்கியே இருக்கலாம்" என்று அவர் சொன்னதும் அழுகையே வந்துவிட்டது.

போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த என் அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பச்சையாப் போட்டா அது எரு இல்லடி, குப்பை. மக்கினாத்தான் எரு. சோடாத் தண்ணியை எந்தச் செடிடி தாங்கும்?" என்றார். அன்றைக்கு அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன்.

மக்கு எரு: 20 லிட்டர் பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியிலும் பக்கத்திலும் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். அடியில் நாலு விரல் உயரம் காய்ந்த இலை. மேலே ஒரு பங்கு காய்கறித் தோல், இரண்டு பங்கு காய்ந்த இலை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கைப்பிடி தோட்டத்து மண், கொஞ்சம் புளித்த மோர் தெளியுங்கள். சோறு, எண்ணெய்ப் பண்டம், உப்பு சேர்ந்தது வேண்டாம். எங்கள் ஊரில் அரிசி ஆலை உமி சுலபமாகக் கிடைக்கும். ஆனால் அது சீக்கிரம் மக்காது. ஈரம் அதிகமானால் மட்டும் ஒரு கை போடுவேன். வாரம் இரண்டு தடவை கிளறி, மழை படாமல் மூடி வைத்தால் 45 முதல் 60 நாளில் எரு தயார். 15 நாளுக்கு ஒருமுறை, செடிக்கு இரண்டு கைப்பிடி போதும். தண்டில் ஒட்டாமல் சுற்றிப் போட்டு மண்ணால் மூட வேண்டும்.

கடலைப் பிண்ணாக்குக் கரைசல்: எங்கள் மாவட்டத்தில் கடலைக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் பிண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தினமும் கலக்கிவிடுங்கள். பிறகு பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, 15 நாளுக்கு ஒருமுறை சாயங்காலம் ஈர மண்ணில் செடிக்கு ஒரு டம்ளர் ஊற்றுங்கள். இதில் தழைச்சத்து அதிகம். பூ வந்த பிறகும் நிறைய ஊற்றினால் செடி இலையாகத் தழைக்குமே தவிர காய் குறைந்துவிடும்.

காய் அடிப்பக்கம் கறுப்பானால்: எனக்கும் அப்படி வந்தது. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததுதான் காரணம். முட்டை ஓட்டைக் காயவைத்துப் பொடித்து, நடும்போதே ஒரு ஸ்பூன் மண்ணில் கலக்கலாம். ஆனால் அது மெதுவாகத்தான் கரையும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் குடம் குடமாக ஊற்றினாலும் இந்தக் கறுப்பு வரும். தினமும் அளவாகத் தண்ணீர் விட்டு, வேரடியில் காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பினேன். அடுத்து வந்த காயெல்லாம் சுத்தமாக இருந்தது.

மாடு வைத்திருப்பவர்களுக்குக் கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலப்படுத்திய பஞ்சகவ்யம் இருக்கிறது. 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி கலந்து தெளிப்பார்கள். எங்களிடம் மாடு இல்லாததால் வாளியோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எரு மக்கிவிட்டதா என்று எனக்குக் கண்ணால் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் மாமியார் தடவித் தடவி கொல்லைக்கு வந்தார். வாளியில் கை விட்டு ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். "புளிச்ச வாடை வருதும்மா. தண்ணி ஜாஸ்தி. காஞ்ச இலை போட்டுக் கிளறு" என்றார். அப்படியே செய்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடி அள்ளி, விரலால் உதிர்த்துப் பார்த்தார். "இப்போ மழை பேஞ்ச மண்ணு வாசனை வருது. சூடும் இல்ல. எடுத்துப் போடு" என்றார். இழையின் நைசை விரலால் பார்த்த கை அல்லவா! நாற்பது வருஷப் பழக்கம் வீண் போகவில்லை.

அன்றிலிருந்து வாளி இரண்டும் அவர் பொறுப்பு. காலையில் நான் தோலை நறுக்கிக் கொடுப்பேன், அவர் போட்டுக் கிளறுவார். அவர் சரி என்று சொல்லாமல் ஒரு பிடி எருகூட செடிக்குப் போகாது. அக்கம்பக்கத்துப் பெண்கள்கூட கையில் எருவை அள்ளி வந்து, "பெரியம்மா, இது ஆச்சா பாருங்க" என்று கேட்கிறார்கள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்ற பேச்சு இப்போது அவர் வாயில் வருவதில்லை.

ஆறு சாக்கில் வீட்டுக்குத் தேவையான தக்காளி முழுக்கக் கிடைத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். காய்ப்புக் காலத்தில் பாதி நாள் கடைக்குப் போவது மிச்சம், அவ்வளவுதான். வீட்டுக்காரரும் இப்போது தறியை விட்டு எழுந்ததும் முதலில் செடியைத்தான் எட்டிப் பார்க்கிறார்.

உங்கள் வீட்டிலும் 'இனி நான் எதுக்கு' என்று யாராவது பெரியவர் உட்கார்ந்திருந்தால், ஒரு வாளியை அவர் பக்கத்தில் வைத்துப் பாருங்களேன்!

— நெசவாளர் வீட்டு வாசகி, ஆரணி.