குழந்தை சொல்லைக் கேட்கிறதா, சொல்பவரைப் பார்க்கிறதா?

தறியில் அமர்ந்திருக்கும் தந்தை நாடாவைக் கையில் எடுத்து, அருகில் நிற்கும் ஒன்றரை வயதுக் குழந்தையிடம் "நாடா" என்கிறார். சில நாட்களில் குழந்தையும் "நாடா" என்கிறது. இதில் வியப்பென்ன என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். ஆனால் அச்சொல் அந்த மரக்கட்டையைக் குறிப்பதா, அதனுள் இருக்கும் தாரைக் குறிப்பதா, அல்லது அது ஓடும் ஓட்டத்தைக் குறிப்பதா என்று குழந்தைக்கு விளக்கியவர் யார்? விளக்குவதற்கும் சொற்கள் வேண்டுமே! அமெரிக்கத் தத்துவ அறிஞர் குவைன் 1960-இல் வெளியிட்ட நூலொன்றில் இத்தகைய சிக்கலையே எழுப்பினார். முயல் ஓடும்போது, நாம் அறியாத மொழியினர் ஒருவர் "கவகாய்" என்றால், அது முழு முயலையா, முயலின் ஓர் உறுப்பையா, எதைக் குறிக்கிறது என்று நாம் எவ்வாறு துணிவது?

கண்ணில் படும் பொருளையும் அவ்வேளையில் காதில் விழும் சொல்லையும் குழந்தை முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்பது எளிய விடை. அது போதாது என்பதை டேர் பால்ட்வின் என்ற அம்மையார் 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகள் காட்டின. குழந்தையிடம் ஒரு புதிய விளையாட்டுப் பொருள் கொடுக்கப்பட்டது. மற்றொன்று ஆராய்ச்சியாளரிடம் இருந்தது. குழந்தை தன் பொருளிலேயே ஆழ்ந்திருக்கும் தருணத்தில், அவர் தம்மிடமுள்ள பொருளை நோக்கி ஒரு புதுப் பெயரைச் சொன்னார். எளிய விடை மெய்யாயின், குழந்தை தன் கையிலுள்ளதற்கே அப்பெயரைச் சூட்டியிருக்க வேண்டும். 18, 19 மாதக் குழந்தைகள் அவ்வாறு செய்யவில்லை. தலை நிமிர்ந்து பேசுபவரின் பார்வை செல்லும் திசையைக் கண்டு, அவர் நோக்கிய பொருளுக்கே பெயரை உரிமையாக்கின. பேசுபவரின் கருத்து எங்கே இருக்கிறதென்று இவ்வளவு சிறு பிராயத்திலேயே அவை தேடுகின்றன.

பார்வை மட்டுமன்று, பேச்சில் நேரும் தடுமாற்றமும் அவற்றுக்குத் துணையாகிறது. அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் இதை வெளியிட்டனர். பெற்றோர் மடியில் அமர்ந்த குழந்தையின் முன் திரையில் இரு படங்கள்: ஒன்று பந்து போன்ற பழகிய பொருள்; மற்றது கற்பனையாகச் செய்த, பெயரறியாத பொருள். குரல் ஒன்று தங்குதடையின்றி ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லும், வேறு சமயம் பெயரைச் சொல்லுமுன் "ம்..." என்று தயங்கும். தயக்கம் கேட்டவுடன், பெயர் வருவதற்கு முன்பே, இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளின் கண்கள் பெரும்பாலும் அறியாத பொருளின்பால் சென்றன. தெரிந்த பொருளுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. எனவே இவர் தேடுவது புதியதன் பெயராகத்தான் இருக்கும் என்பது போன்றதொரு கணக்கு! இரண்டு வயதுக்குக் குறைந்தவர்களிடம் இது தெளிவாகப் புலப்படவில்லை. குழந்தையிடம் பேசுகையில் "வந்து...", "அது..." என்று நாம் தடுமாறுவது கெடுதல் என்று அஞ்சும் தாய்மார்கள் சற்று மனம் ஆறலாம்.

நம் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது வேறொரு சோதனை என்பது என் அபிப்பிராயம். பால்ட்வினும் அவருடைய தோழர்களும் 1996-இல் அதை வெளியிட்டனர். குழந்தை புதுப் பொருளைப் பார்த்துக்கொண்டிருக்கையில், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு குரல் பெயரை மட்டும் சொல்லிற்று. பொருளும் சொல்லும் ஒரே கணத்தில் சேர்ந்தே வந்தன. ஆயினும் 18 முதல் 20 மாதக் குழந்தைகள் அப்பெயரை அப்பொருளுக்குரியதாக ஏற்கவில்லை. அருகில் அமர்ந்து அதே பொருளை நோக்கிச் சொன்னவரிடமிருந்து மட்டும் கற்றுக்கொண்டன. அந்தக் குரல் தன் கையிலுள்ள பொருளைத்தான் சொல்கிறது என்று நம்ப அவற்றுக்கு ஆதாரம் ஏதுமில்லை.

தறியை விட்டுத் திரும்ப நேரமின்றி, பின்னால் விளையாடும் குழந்தைக்கு நாம் எதையோ பெயர் சொல்கிறோம். அது எழுந்து வந்து, பாவின்மேல் கையூன்றி நம் முகத்தை எட்டிப் பார்க்கிறது. இழை அறுந்துவிடுமே என்று நாம் கடிந்துகொள்கிறோம். கேட்ட சொல் எதைக் குறித்தது என்று விசாரிக்கவே அது வந்திருக்கலாம்.