குழந்தை எப்பவும் வாயில் நிப்பிளோட இருக்கா? எந்த வயதில், எப்படி நிறுத்துவது?

அழுதால் ரப்பர் நிப்பிள், தூங்கணும்னா ரப்பர் நிப்பிள், பஸ்ஸில் போனாலும் ரப்பர் நிப்பிள். கைக்குழந்தை இருக்கும் பல வீடுகளில் இதுதான் நிலைமை. கடைகளில் ‘பாசிஃபையர்’ என்று விற்கும் இதை, சில வீடுகளில் ‘சூப்பான்’ என்பார்கள். கொடுப்பது சுலபம். பழகிய பிறகு நிறுத்துவதுதான் கஷ்டம்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1936-ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலம் முதல் இது நூற்பாலைகளின் ஊர். பக்கத்தில் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் ஓடுகின்றன. அம்மா ஷிப்டுக்குப் போனால் குழந்தையை அப்பத்தாவோ அம்மாச்சியோதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அழும் குழந்தையை உடனே அமைதியாக்க, கைக்கு எட்டும் பொருள் நிப்பிள்.

இதை எப்போது நிறுத்த வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும்? பார்க்கலாம்.

குழந்தை ஏன் சப்புகிறது?

சப்புவது கெட்ட பழக்கம் அல்ல, பிறவியிலேயே வருவது. வயிற்றில் இருக்கும்போதே குழந்தை விரல் சப்புவதை ஸ்கேனில் பார்க்க முடியும். பசி இல்லாதபோதும் சப்பினால் குழந்தைக்கு ஒரு நிம்மதி கிடைக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இது புதுச் செய்தியும் இல்லை. கண்ணனைக் குழந்தையாக வைத்துத் தாலாட்டிய பெரியாழ்வார், அந்தக் குழந்தை தன் காலையே பிடித்து வாயில் வைத்துச் சுவைப்பதைப் பாடியிருக்கிறார். ஆக, குழந்தை சப்புவதில் தவறு இல்லை. எதை, எவ்வளவு நேரம், எத்தனை வயது வரை சப்புகிறது என்பதுதான் விஷயம்.

நிப்பிளால் நன்மையே இல்லையா?

இருக்கிறது. தூங்கும் நேரத்தில் நிப்பிள் கொடுப்பது, ஒரு வயதுக்குள் தூக்கத்தில் திடீரென நேரும் மரண ஆபத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் தூங்கும் நேரத்துக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்கிறது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. தாய்ப்பால் குடிப்பது நன்றாகப் பழகிய பிறகுதான் தொடங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தாய்ப்பாலுக்காக வகுத்த 10 படிகளில், நிப்பிள் கொடுக்கக் கூடாது என்பது முதலில் ஒரு படியாகவே இருந்தது. 2018-ல் அது மாற்றப்பட்டது. பால் பாட்டில், நிப்பிள் ஆகியவற்றின் பயன்பாட்டையும் ஆபத்தையும் தாய்க்கு விளக்க வேண்டும் என்பதே இப்போதைய வாசகம்.

இதில் கவனிக்க வேண்டியது: பசியில் அழும் குழந்தைக்கு நிப்பிள் கொடுத்தால், ஒரு வேளைத் தாய்ப்பால் தவறிப்போகும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் சுரக்கும். நிப்பிளைச் சப்பினால் சுரக்காது.

எந்த வயதில் நிறுத்த வேண்டும்?

* 6 மாதம் முதல் 1 வயது: குறைக்கத் தொடங்கச் சரியான காலம். விழித்து விளையாடும் நேரத்தில் நிப்பிள் வேண்டாம்.
* 1 வயதுக்குப் பிறகு: தூங்கும் நேரத்துக்கு மட்டும்.
* 2 வயதுக்குள்: முழுவதும் நிறுத்திவிடுவது நல்லது.
* 3 வயது: இதைத் தாண்டவே கூடாது.

6 மாதத்தை ஏன் சொல்கிறார்கள்? காரணம் காது. மூக்கின் பின்பகுதியையும் நடுக்காதையும் ஒரு சிறு குழாய் இணைக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு அது குட்டையாக, படுக்கைவாட்டில் இருக்கும். எந்நேரமும் நிப்பிள் சப்பும் குழந்தைகளுக்கு நடுக்காதில் சீழ் பிடிப்பது அதிகம். 6 மாதம் முதல் 2 வயது வரைதான் காதுத் தொற்று அடிக்கடி வரும் வயதும்கூட.

3 வயதைச் சொல்வதற்குக் காரணம் பல். 20 பால் பற்களும் ஏறக்குறைய இரண்டரை, மூன்று வயதுக்குள் வந்துவிடும். அதன் பிறகும் சப்பினால் முன்பற்கள் வெளியே தள்ளும். வாயை மூடினாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல் நடுவில் இடைவெளி விழும். மேல்தாடை குறுகும். சீக்கிரம் நிறுத்தினால் இதில் பெரும்பகுதி தானாகவே சரியாகும். 4 வயதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு குறையும்.

பேச்சையும் மறக்கக் கூடாது. ‘ப்பா’, ‘ம்மா’, ‘த்தா’ என்று உளறி உளறித்தான் பேச்சு வரும். வாய் நிறைய ரப்பர் இருந்தால் குழந்தை எங்கே உளறுவது?

எப்படி நிறுத்துவது?

முதல் வேலை குழந்தையிடம் இல்லை, வீட்டுப் பெரியவர்களிடம். அம்மா நிறுத்த, ‘புள்ள அழுவுதேன்னு கொடுத்தேன்’ என்று அப்பத்தா எடுத்துக் கொடுத்தால் எந்த முயற்சியும் நிற்காது. பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்களோ அவரோடு பேசி, நாளைக் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

1. பகலில் நிறுத்துங்கள். நிப்பிளைக் குழந்தை கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். அழுதால் முதலில் காரணம் பாருங்கள். பசியா, ஈரத் துணியா, தூக்கமா, சும்மா தூக்கச் சொல்கிறதா?

2. வெளியில் நிறுத்துங்கள். பஸ், கோயில், கல்யாண வீடு எதற்கும் எடுத்துப் போக வேண்டாம். ‘நிப்பிள் வீட்டுல தூங்குது’ என்று சொன்னால் ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் புரியும்.

3. மதியத் தூக்கத்தில் நிறுத்துங்கள். தொட்டில் ஆட்டுவது, முதுகில் தட்டுவது, தாலாட்டு, அம்மாவின் பழைய சேலைத் துணி என ஒரே வழக்கத்தைத் தினமும் தொடருங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூங்கும் இடத்தில் மட்டும் தனித் துணி, தலையணை வேண்டாம்.

4. கடைசியாக இரவில் நிறுத்துங்கள். தூங்கிய பிறகு கீழே விழுந்தால் திரும்ப வாயில் வைக்காதீர்கள். சில நாள் கழித்து, தூங்குவதற்கு முன்பும் கொடுக்காதீர்கள்.

முதல் மூன்று நான்கு இரவுகள் அழுகை பலமாக இருக்கும். இரண்டு நாள் தாங்கிவிட்டு மூன்றாம் நாள் கொடுத்துவிட்டால், ‘ரொம்ப நேரம் அழுதா கிடைக்கும்’ என்று குழந்தை கற்றுக்கொள்ளும். நிறுத்தியது நிறுத்தியதாக இருக்கட்டும்.

காய்ச்சல் வாரம், வீடு மாறும் நேரம், தம்பி தங்கை பிறந்த மாதம், அங்கன்வாடியில் சேர்க்கும் முதல் நாட்கள் ஆகியவற்றில் இதைத் தொடங்க வேண்டாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

* மிளகாய், வேப்பெண்ணெய் தடவ வேண்டாம். வாய் எரியும், கை பட்டால் கண்ணும் எரியும். பயம்தான் மிச்சம்.
* நிப்பிளின் நுனியை வெட்டிக் கொடுக்க வேண்டாம். பிய்ந்த துண்டு தொண்டையில் அடைக்கலாம்.
* கழுத்திலோ அரைஞாணிலோ கயிறு போட்டுக் கட்ட வேண்டாம். கழுத்தை இறுக்கும் ஆபத்து உண்டு.
* நிப்பிளுக்குப் பதிலாகக் கையில் வசம்பு மணி கட்டிச் சப்ப விட வேண்டாம். மணி கழன்றால் மூச்சுக்குழாயில் போகும்.
* சர்க்கரைத் தண்ணீரிலோ பால்கோவாவிலோ தோய்த்துக் கொடுக்க வேண்டாம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, பெரியவர்கள் சாப்பிடட்டும். புதுப் பல்லில் இனிப்பு ஊறிக்கொண்டே இருந்தால் சொத்தை விழும்.
* தேன் கூடவே கூடாது. ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் ‘பாட்டுலிசம்’ என்ற, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நோய் வரலாம். 2018-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் தேன் நிரப்பிய நிப்பிளைச் சப்பிய 4 குழந்தைகள் இந்த நோயால் பாதிக்கப்பட்டன. மலைத்தேன் என்றாலும் இதே ஆபத்துதான்.

வேலைக்குப் போகும் அம்மா என்ன செய்வது?

2017-ல் சட்டத் திருத்தம் வந்தபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், அம்மா ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்க்கலாம் என்பதும் அதில் உண்டு. வீட்டோடு தறி ஓட்டுபவருக்கு இந்த விடுப்பு கிடையாது.

கணக்குப் பாருங்கள். 26 வாரம் என்பது 6 மாதம். நிப்பிளைக் குறைக்கத் தொடங்கும் அதே சமயத்தில்தான் அம்மா வேலைக்குத் திரும்புகிறார். அம்மாவைத் தேடி அழும் குழந்தைக்கு நிப்பிள் கூடுதலாகப் போவதும் அப்போதுதான். எனவே வேலைக்குத் திரும்புவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பகல் நேர நிப்பிளைக் குறைத்துவிடுங்கள். முடியாவிட்டால், குழந்தை புது வழக்கத்துக்குப் பழகிய பிறகு தொடங்குங்கள். கொஞ்சம் தாமதமானால் தப்பில்லை, ஒரு வயதைத் தாண்டியும் தள்ளிக்கொண்டே போகாமல் இருந்தால் போதும்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

காதைப் பிடித்து இழுத்து அழுவது, காதில் சீழ், வாயில் துடைத்தால் போகாத வெள்ளைப் படலம், பற்களுக்கு நடுவே இடைவெளி, வாயால் மூச்சு விடுவது, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தைகூட வராதது, 2 வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாதது ஆகியவை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

இதற்குத் தனியார் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை வந்து பரிசோதிக்கிறது. பல், காது, பேச்சு மூன்றும் அதில் அடங்கும். குழு வரும் நாளை அங்கன்வாடிப் பணியாளரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104 என்ற எண்ணில் கூப்பிட்டும் ஆலோசனை கேட்கலாம்.

நிப்பிளை விட்ட குழந்தை விரல் சப்பத் தொடங்கினால் திட்டவோ அடிக்கவோ வேண்டாம். கைக்கு ஒரு விளையாட்டுப் பொருள் கொடுங்கள், மடியில் வைத்துப் பேசுங்கள். பெரும்பாலான குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் தானாகவே விட்டுவிடும்.