இறங்காத விதையும் ஹார்மோன் ஊசியும்

ஆண் குழந்தையின் விதைகள் கருவில் வயிற்றுக்குள் உருவாகி, பிறப்பதற்கு முன் விதைப்பைக்குள் இறங்கிவிடும். நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு அது நடப்பதில்லை. குறைமாதக் குழந்தைகளிடம் இக்குறை இன்னும் அதிகம். பலருக்கு முதல் 6 மாதத்துக்குள் தானாகவே இறங்கிவிடுகிறது. அதன் பிறகு இறங்குவது அபூர்வம்.

இதற்கு ஊசி போடும் வழக்கம் 1930களில் தொடங்கியது. ஊசியில் இருப்பது எச்.சி.ஜி. என்ற ஹார்மோன், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. விதையிலுள்ள லேடிக் செல்களை இது தட்டி எழுப்பும். நான்கு வயதுப் பையனின் உடலில் அந்தச் செல்கள் ஓய்ந்தே இருக்கும். ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இல்லையென்றே சொல்லலாம். ஊசி போட்டபின் கொலஸ்ட்ரால் படிப்படியாக மாறி டெஸ்டோஸ்டிரோனாகிறது. மூன்று நான்கு நாளில் அளவு நன்றாக ஏறிவிடும். அதில் ஒரு பங்கு, இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாகிறது. பிறப்புறுப்பு சற்றுப் பெரிதாவதும், சிலருக்கு ரோமம் அரும்புவதும் இதனால்தான். சிறு பங்கு ஈஸ்ட்ரோஜனாகவும் மாறும். எலும்பு முதிர்ச்சியைத் துரிதப்படுத்துவது அது. மொத்த அளவு 15,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது என்று எச்சரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மிஞ்சியதைக் கல்லீரல் சிதைத்து, ஆண்ட்ரோஸ்டிரோன் போன்ற பொருள்களாகச் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. அட்ரீனல் சுரப்பி தரும் கார்டிசோல் வேறொரு ஹார்மோனின் கட்டளைப்படி நடப்பதால், அதில் பெரிய மாற்றம் இருப்பதில்லை. ஊசியை நிறுத்தியதும் சில வாரங்களில் ஹார்மோன் அளவுகள் பழைய நிலைக்குத் திரும்பும்.

ஹார்மோன்கள் இப்படி ஏறினாலும், விதை இறங்குவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத்தான். இறங்கிய விதையும் சில சமயம் மேலேறிவிடுகிறது. விந்தணுவின் மூலச் செல்களுக்கு ஊசியால் கேடு வரலாம் என்ற ஐயமும் வலுத்தது. அதனால் 2007இல் நார்டிக் நாடுகளின் நிபுணர்களும், 2014இல் அமெரிக்க சிறுநீரியல் சங்கமும் ஊசியைக் கைவிட்டு அறுவை சிகிச்சையையே பரிந்துரைத்தனர். இரு விதைகளும் கைக்குத் தட்டுப்படாதபோது, அவை உள்ளே இருக்கின்றனவா என்று அறிய இதே ஊசி இன்றும் பயன்படுகிறது. டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், விதைத் திசு எங்கோ இருக்கிறது என்று பொருள்.

அறுவைக்கு ஏற்ற வயது 6 முதல் 18 மாதம். ‘பெரியவனானால் தானே இறங்கிடும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதலில் இந்தக் காலம் கைநழுவிப் போவது மிகவும் வருந்தத்தக்கது. சென்னை தாம்பரத்தை அடுத்த ராஜகீழ்ப்பாக்கத்துத் தாய் 6, 10, 14ஆம் வாரத் தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிச் செல்லும்போதே டாக்டரிடம் இதையும் பார்க்கச் சொல்லலாம். கையைச் சூடாக்கிக்கொண்டு, இடுப்பு மடிப்பிலிருந்து விரலைக் கீழ்நோக்கி வருடிப் பார்த்தால் போதும். குளிர்ந்த கை பட்டால் இறங்கிய விதைகூட மேலே சுருங்கிக்கொள்ளும். அறுவை தேவைப்பட்டால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலிலேயே போய்விடலாம்.