வெப்பத்துக்கு ஒரு வெளிவழி

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் நிற்பவருக்கு வெயில் பெரிய தொல்லையாகத் தெரியாது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவில் போர்வை இல்லாமல் தூக்கம் வராது. கோலார் தங்கவயலுக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்ற செல்லப்பெயர் வந்ததற்கு இந்தக் குளுமையும் ஒரு காரணம். ஆனால் இதே ஊரை ஒட்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடிமட்டத்தில், தரையிலிருந்து சுமார் 3.2 கிலோமீட்டர் கீழே, பாறையின் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தது. தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொள்ள வைக்கும் சூடு அது. அந்தப் பாறைக்கு நடுவே மனிதர்கள் நின்று துளை போட்டார்கள், வெடி வைத்தார்கள், தங்கக் கல்லை வெட்டி மேலே அனுப்பினார்கள்.

உலகின் வேறொரு மூலையில் இதற்கு நேர்மாறான ஒன்று நடக்கிறது. கனடாவில், பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி குளிரில், உறைந்த ஏரியின் மேல் ஓடும் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. சுடும் பாறைக்குள் மனிதனால் வேலை செய்ய முடிகிறது. உறைபனிக்கு மேல் எஞ்சின் கொதிக்கிறது. இரண்டு புதிருக்கும் விடை ஒன்றே. வெப்பத்தை யாராலும் அழிக்க முடியாது. ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடத்தான் முடியும். அது வெளியேறும் வழி திறந்திருந்தால் நெருப்புக்குப் பக்கத்திலும் பிழைக்கலாம். அடைபட்டால் பனிமலையின் மேலும் வெந்துபோகலாம்.

சூடு வந்த மூன்று வழிகள்

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880இல் தங்கவயலில் கால் வைத்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்படும் வரை சுமார் 800 டன் தங்கம் இங்கிருந்து வெளியே வந்தது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குடியேறிய தமிழர்கள் அந்த உழைப்பின் பெரும்பகுதியைத் தந்தார்கள். தலைமுறைக்குத் தலைமுறை சுரங்கம் ஆழமாகப் போகப் போக, மூன்று வழிகளில் சூடு அவர்களைச் சூழ்ந்தது.

முதல் வழி பாறை. பூமிக்குள் இறங்க இறங்க வெப்பம் கூடும். உலகின் பல இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி வரை கூடுகிறது. அந்தக் கணக்கு இங்கேயும் பொருந்தியிருந்தால் சாம்பியன் ரீஃபின் அடிப்பாறை 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். சுரங்கம் அவ்வளவு தூரம் போயிருக்கவே முடியாது. கோலார் அமர்ந்திருப்பது தார்வார் நிலத்திட்டு என்னும் மிகப் பழைய பாறைத்தளத்தில். அதன் வயது 250 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பூமியின் அடியிலிருந்து அதன் வழியே மேலேறும் வெப்பம் குறைவு; கிலோமீட்டருக்குச் சுமார் 12, 13 டிகிரிதான் கூடுகிறது. தங்கத்தைத் தன்னுள் வைத்திருந்த அந்தப் பழம்பாறையே, அதை மனிதன் போய் எடுக்கும் அளவுக்குக் குளிர்ந்தும் இருந்தது.

இரண்டாம் வழி வியப்பானது: மூச்சுவிட மேலிருந்து அனுப்பும் காற்றே சூட்டைக் கொண்டுவருகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்போம். அழுத்தப்படும் காற்று சூடாகும். சுரங்கத்தின் செங்குத்துக் குழியான ஷாஃப்ட்டில் இறங்கும் காற்றைத் தனக்கு மேலே இருக்கும் காற்றுத்தூணின் எடை அழுத்திக்கொண்டே போகிறது. ஒரு கிலோமீட்டர் இறங்கினால் உலர்ந்த காற்று சுமார் 9.8 டிகிரி சூடேறும். மூன்று கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 29 டிகிரி. மேலே 25 டிகிரியில் இதமாக உள்ளே போகும் காற்று, பாறையிலிருந்து துளி வெப்பமும் வாங்காமல், அடியில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். போகும் வழியில் ஈரம் ஆவியானால் தெர்மாமீட்டர் குறைவாகக் காட்டும். அப்போதும் அந்த வெப்பம் எங்கும் போய்விடுவதில்லை. நீராவியோடு காற்றிலேயே தங்குகிறது.

மூன்றாம் வழி, மனிதன் கொண்டுபோவது. மோட்டார், பம்பு, விளக்கு, வெடிமருந்து, உழைக்கும் உடல் ஆகிய எல்லாமே வெப்பம் விடுகின்றன. மோட்டார் தின்னும் மின்சாரத்தில், எதையாவது மேலே தூக்கப் பயன்பட்டது போக, மீதி முழுவதும் கடைசியில் அந்தக் காற்றில்தான் சூடாகச் சேர்கிறது.

வேர்வை உலரும் வரை

மனித உடலும் ஓர் எஞ்சின்தான். 37 டிகிரியில் நிற்க வேண்டிய அதன் சூடு நாலைந்து டிகிரி கூடினாலே உயிருக்கு ஆபத்து. அதற்கு இயற்கை தந்த குளிர்விப்பு வேர்வை. ஒரு லிட்டர் வேர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியானால்தான் இந்தப் பயன். வழிந்து கீழே சொட்டும் வேர்வையால் உடல் குளிர்வதில்லை. சுற்றியுள்ள காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை ஆவியாக இடமில்லை. வெப்பம் வெளியேறும் வழி அங்கேயே அடைபடுகிறது.

சுரங்கத்தின் கொடுமையான சிக்கல் இங்கேதான் இருந்தது. பாறையை உலர்வாகத் துளைத்தால் எழும் நுண்தூசு நுரையீரலுக்குள் படிந்து சிலிகோசிஸ் நோயைத் தரும். தங்கவயலில் அந்த நோயால் மூச்சு திணறி மாண்டவர்கள் பலர். தூசை அடக்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரோ காற்றின் ஈரத்தைக் கூட்டி, வேர்வை உலர்வதைத் தடுக்கும். நுரையீரலைக் காக்கும் நீரே உடலின் குளிர்ச்சிக்குப் பகையாகிறது.

அதனால்தான் சுரங்கத்தில் சாதாரண தெர்மாமீட்டரை மட்டும் நம்புவதில்லை. குமிழில் ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரையும் பார்ப்பார்கள். வேர்வையில் நனைந்த உடல் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதை அது காட்டும். இந்தியச் சுரங்க விதிகளின்படி வேலையிடத்தில் இந்த ஈரக்குமிழ் வெப்பநிலை 33.5 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. 30.5 டிகிரியைத் தாண்டினால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்துக்குக் குறையாமல் காற்று ஓட வேண்டும்.

காற்று ஓட வேண்டுமானால் ஒரு ஷாஃப்ட் வழியே இறங்கி இன்னொன்றின் வழியே ஏற வேண்டும். இடையில் உள்ள சுரங்கப் பாதைகளில் கதவும் தடுப்பும் வைத்து, வேலை நடக்கும் முகப்புக்கு அதைத் திருப்பிவிட வேண்டும். 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. பிற்காலத்தின் பெரிய விசிறிகளும் பம்புகளும் மின்சாரத்தால்தான் சாத்தியமாயின. 1930களில் காற்றையே குளிர்வித்து அனுப்பும் ஆலைகளும் வந்தன. பிரேசிலின் மோரோ வெல்யோ, தென்னாப்பிரிக்காவின் ராபின்சன் டீப் ஆகிய சுரங்கங்களோடு, பெரிய அளவில் குளிர்சாதனம் கண்ட உலகின் முதல் சில சுரங்கங்களில் தங்கவயலும் இடம்பெறுகிறது.

அங்கேயும் அதே விதிதான். குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. வெப்பத்தை ஒரு பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கம் தள்ளுகிறது. ஆலையைப் பாதாளத்தில் வைத்தால், எடுத்த வெப்பத்தைக் கொட்ட அங்கே இடம் ஏது? தரைக்கு மேலே வைத்தால் திறந்த வெளியில் விட்டுவிடலாம். ஆனால் குளிர்ந்த காற்று இறங்கும் வழியிலேயே மறுபடி சூடாகும். ஆழமான சுரங்கம் ஒவ்வொன்றின் பொறியாளரும் இந்த இரண்டுக்கும் நடுவேதான் கணக்குப் போடுகிறார்.

பனிக்கட்டி சுமக்கும் சூடு

தென்னாப்பிரிக்காவின் ம்பொனெங் சுரங்கம் இன்று ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே வெறும் குளிர்நீர் போதாமல், நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குழம்பைக் கீழே அனுப்புகிறார்கள். காரணம் எளிய கணக்கு. 5 டிகிரியில் இறங்கும் ஒரு கிலோ நீர் 30 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 105 கிலோஜூல் வெப்பத்தை வாங்கும். ஒரு கிலோ பனிக்கட்டியோ உருகுவதற்கு மட்டுமே 334 கிலோஜூல் வாங்குகிறது. உருகிய நீர் 30 டிகிரியை எட்டும்போது மொத்தம் 460. நான்கு மடங்குக்கும் மேல்.

இதே 334 கிலோஜூலை நம்பித்தான் ஸ்னோமொபைலும் ஓடுகிறது. அதற்குக் காரில் உள்ளதுபோல் முன்பக்கத்தில் பெரிய ரேடியேட்டர் பெரும்பாலும் இருக்காது. இருக்கைக்குக் கீழே, சுழலும் ரப்பர் பட்டைக்கு மேலே, உலோகக் கூரை போன்ற பகுதியில் குளிர்விப்பான் தகடுகள் இருக்கும். எஞ்சினைச் சுற்றிவரும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் அந்தத் தகடுகளுக்குள் பாயும். பட்டை வாரி இறைக்கும் பனி தகட்டில் மோதி உருகும். உருகுவதற்கான வெப்பத்தைக் கூலண்டிலிருந்து வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் சக்தியின் மூன்றில் ஒரு பங்குதான் தோராயமாக இயக்கமாகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது, ஒரு பங்கு கூலண்டுக்குப் போகிறது. கூலண்டுக்கு 60 கிலோவாட் வெப்பம் போவதாகக் கொண்டால், அதை உருகல் மட்டும் சுமக்க நிமிடத்துக்குப் பத்து கிலோவுக்கும் மேல் பனி தகட்டில் விழ வேண்டும்.

உறைந்த ஏரியின் மேலோ, இறுகிய பாதையிலோ ஓடும்போது வாரி இறைக்கத் தளர்வான பனி கிடைப்பதில்லை. சுற்றிலும் எவ்வளவு குளிர் இருந்தாலும் தகட்டில் எதுவும் படுவதில்லை, எஞ்சின் சூடேறுகிறது. அனுபவமுள்ள ஓட்டிகள் அவ்வப்போது ஓரத்துப் புதுப்பனிக்குள் வண்டியை இறக்குவார்கள். பனித்தரையைக் கீறித் துகளை மேலே எழுப்பும் உலோகக் கம்பிகளையும் பொருத்திக்கொள்வார்கள். காஷ்மீரின் குல்மார்கில் ஸ்னோமொபைல் ஏறும் நம்மூர்ப் பயணிகளும் இதைக் கவனிக்கலாம். சுமார் 2650 மீட்டர் உயரமுள்ள அங்கே தண்ணீர் ஏறத்தாழ 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். கூலண்ட் கொதிக்காமல் காப்பது, அதில் கலந்த கிளைக்கால் என்ற வேதிப்பொருளும் அழுத்தத்தைத் தாங்கும் மூடியும்தான்.

வழி எங்கே அடைபட்டது?

எஞ்சின் சூடானால், சுரங்கத்தில் காற்றைத் தொடர்ந்து போவதுபோல வெப்பத்தின் வழியைத் தொடர்ந்து போக வேண்டும். உலோகத்திலிருந்து கூலண்ட், அங்கிருந்து சூட்டுக்கேற்பத் திறக்கும் தெர்மோஸ்டாட், பிறகு ரேடியேட்டர், கடைசியில் வெளிக்காற்று அல்லது பனி. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டுப்போனது என்பதே கேள்வி.

கார் என்றால், எப்போது சூடாகிறது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். டிராஃபிக்கில் நிற்கும்போது மட்டும் சூடாகி, ஓடும்போது தணிந்தால் விசிறியைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேகத்தில் சூடானால் ரேடியேட்டர் அடைப்போ, பம்பின் பலவீனமோ இருக்கலாம். மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது பாதை அடைத்திருக்கிறது. கூலண்ட் மாற்றிய பிறகு தொல்லை வந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கலாம். ஒரே பருமனில் நீர் சுமக்கும் வெப்பத்தோடு ஒப்பிட்டால் காற்று சுமப்பது ஏறத்தாழ 3500இல் ஒரு பங்குதான். சிறு குமிழும் பெரிய தடை. கூலண்ட் தொட்டியில் குமிழி விடாமல் வந்து, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தெரிந்தால் எஞ்சினின் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு போயிருக்க வாய்ப்பு அதிகம். அப்போது வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் சேர்ப்பதே நல்லது.

ஸ்னோமொபைலுக்கும் இதே முறைதான். இறுகிய பாதையில் மட்டும் சூடானால் பனி போதவில்லை. புதுப்பனியிலும் சூடானால் கோளாறு உள்ளே இருக்கிறது. காற்றால் குளிரும் பைக் எஞ்சின் என்றால் அதன் தகடுகளில் அப்பிய சேறும் எண்ணெய்ப் பிசுக்குமே முதல் குற்றவாளி. 1964இல் தொடங்கிய பி.இ.எம்.எல். நிறுவனம் தங்கவயலில் செய்யும் புல்டோசர்களின் ரேடியேட்டர்களுக்கும் தூசுதான் எதிரி.

சுரங்கங்கள் மூடியபின் பம்புகள் நின்றன. ஆழத்து மட்டங்களில் தண்ணீர் நிரம்பிவிட்டது. ஆனால் காற்றைத் திருப்பிவிட்டவர்கள், விசிறியைக் காத்தவர்கள், ஈரக்குமிழ் பார்த்தவர்கள் ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் வீட்டுத் திண்ணையில் இருக்கிறார்கள். வெப்பத்தைப் பாடமாக நடத்தும் நம் பாலிடெக்னிக்குகள் அவர்களை வகுப்பறைக்கு அழைத்து, தங்கவயலை முதல் பாடமாக வைக்க வேண்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கோடைக்கு முன் கூலண்ட் அளவையும் விசிறியையும் பாருங்கள். எஞ்சின் சூடானால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். முழுதும் ஆறும் வரை ரேடியேட்டர் மூடியை யாரும் திறக்காதீர்கள்.